லச்சிரெட்டி மாமா ஊற்றிய கள்

என் அக்காள் போதம்மாவின் புருஷன் லச்சிரெட்டி புலிக்குப் பயப்படுவார். போலீசுக்கு அதைவிடப் பயப்படுவார். போதம்மாவுக்குப் பயப்படுவதைப் பார்த்தால் புலியே பரவாயில்லை என்று தோன்றும். அவள் ஒரு முறை முறைத்தால் போதும், கணுக்களில் கிளையை நறுக்கிப் படியாக்கிய ஒற்றை மூங்கிலைச் சாய்த்து வீட்டுக் கள் மரத்தின் உச்சிக்குப் போய்விடுவார். அடுப்பிலிருந்து சாமைச்சோறு இறங்கும் வாசனை வந்தால்தான் அவரும் இறங்குவார். ரம்பா மலையில் அப்படி ஏறத் தெரிந்தவன் இன்னொருவன் கிடையாது. இதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்காள் புருஷனைப் புகழ்ந்தால் அவன் தலைக்குமேல் ஏறிக்கொள்வான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அந்த மரம் கூந்தல்பனை. நாங்கள் ஜீலுகு என்போம். அக்காளின் கல்யாணத்துக்கு எங்கள் அப்பன் கொடுத்த சீர் அது ஒன்றுதான். ஜீலுகுக் கள்ளுக்கு எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பானை இறங்கும்போது மரத்தடியில் யார் நிற்கிறானோ, முதல் தொன்னை அவனுக்கு. பகையாளியானாலும் ஊற்றியாக வேண்டும். ஊற்றியவனும் குடித்தவனும் அந்த மரம் நிற்கும்வரை ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கக் கூடாது. சண்டை போட்ட இருவரில் தப்பு செய்தவன் போய் மற்றவன் மரத்தடியில் பேசாமல் நிற்பான். பஞ்சாயத்து அவ்வளவுதான். அடுத்தவன் மரத்தடியில் நம் சண்டை தீராது.

இப்படி இருந்த எங்களிடம்தான் வெள்ளைக்காரச் சர்க்கார் கள்ளுக்கு வரி போட்டது. மலைக் கள்ளைக் குத்தகைக்கு எடுத்தவன் சமவெளியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் மரத்தில் எங்கள் வீட்டுக்கு இறக்குவதற்கும் அவனிடம் கேட்க வேண்டுமாம். விறகுக்கு ஒரு வரி, மூங்கிலுக்கு ஒரு வரி. வசூலிக்க வந்த போலீஸ்காரர்கள் வரியோடு கோழியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர் ஏட்டு புல்லய்யா. கோழி விஷயத்தில் மனிதருக்கு நல்ல கண்.

ஒரு காலை மாமா பானையோடு இறங்குகிறார், கீழே ஏட்டு நிற்கிறார்.

"என்னடா லச்சி, சர்க்கார் மரத்துல திருட்டுக் கள்ளா?"

மாமாவுக்குப் பயம் வந்தால் வாய் தானாகப் பேசும். "இது என் மாமனார் குடுத்த மரம், தொரை. சர்க்கார் எப்போ எனக்குப் பொண்ணு குடுத்தாரு?"

பளாரென்று ஓர் அறை. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு தொன்னை மடித்து, சுரைக்குடுக்கையால் மொண்டு, முதல் கள்ளை அந்த ஏட்டுக்கே ஊற்றினார். ஏட்டு குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, பானையையும் எடுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு மானம் இல்லையா மாமா?"

"மரத்தடியில நின்னான் மாப்ளே. நான் என்ன செய்ய?"

அந்த வருஷம் மார்ச் மாதம் வரியை எதிர்த்து மலை முழுக்கப் பறை முழங்கியது. வில்லெடுத்தவன் வில்லோடு, கோடரி இருந்தவன் கோடரியோடு கிளம்பினான். போலீஸ் தாணாவைக் கொளுத்தப் போகிறோம் என்று ஊரே கூடி நின்றது. மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் வர முடியாது. அந்த ஏட்டு என் மரத்தடியில குடிச்சவன்."

"அறை வாங்கினது நீ! ஊரே போகுது, உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்றேன்.

"அறைஞ்சது அவன். ஊத்தினது நான்."

எனக்கு அப்போது இருபது வயது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். "கோழை! என் அக்காவுக்குக் கிடைச்ச ஆம்பளையப் பாருங்க!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அக்காள் தலை குனிந்து நின்றாள். அந்தக் குனிந்த தலை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

தாணா எரிந்தது. வைக்கோல் போருக்குள் பதுங்கியிருந்த ஏட்டைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தோம். அவருக்கு அங்கே முடிவு கட்டுவதாக எல்லோரும் பேசி வைத்திருந்தோம். உன் மாமனை அறைந்தவன்தானே என்று கோடரியை என் கையில் கொடுத்தார்கள். நானும் ஓங்கிவிட்டேன்.

அப்போதுதான் மாமா ஓடி வந்தார். நாற்பது பேர் கோபத்தோடு சுற்றி நிற்கிறோம். ஏட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இவன் என் மரத்தடியில குடிச்சவன். அந்த மரம் உன் அப்பன் குடுத்தது மாப்ளே. நான் ஊத்தினா உன்னையும் கட்டும்."

எல்லோரும் மலைக்காரர்கள். எல்லோருக்கும் ஒரு மரம் இருந்தது. நான் கோடரியைக் கீழே போட்டேன். போட்டுவிட்டு, "இனிமே நீ எனக்கு மாமா இல்ல" என்றேன். ஏட்டு ஆற்றில் விழுந்து எழுந்து ஓடினார்.

அதற்கப்புறம் நாங்கள் காட்டுக்குள். மழைக்காலம் முடிந்து சமவெளியிலிருந்து பட்டாளம் ஏறியது. எங்கள் ஊருக்கு வந்த பட்டாளத்துக்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? ஏட்டு புல்லய்யாதான். பாம்புக்குப் பால் வார்த்த கதை. எங்களோடு தாணாவுக்கு வந்து ஊர் திரும்பியிருந்த நான்கு பேரை அவர் விரல் நீட்டிக் காட்டினார். அந்த நால்வரையும் அந்தமானுக்கு அனுப்பினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மாமாவிடம் வந்து என்னைக் கேட்டார்கள்.

"உன் மச்சினன் எங்கே?"

"மலையில."

"எந்த மலையில?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரே மலைதான், தொரை. கொஞ்சம் பெரிசு."

அதற்கு ராஜமுந்திரி ஜெயிலில் மூன்று வருஷம். மாமாவுக்கு விலங்கு மாட்டும் நேரத்தில் ஏட்டு திரும்பி நின்றுகொண்டு இன்னொருவனை மாட்டச் சொன்னாராம். "பாத்தியா, அவன் கை என் மேல படல. மரத்து வழக்கத்தக் காப்பாத்திட்டான்" என்று மாமா பிற்பாடு இதை ஒரு பெருமையாகவே சொல்வார். அவர் கணக்கே தனி.

அவர் ஜெயிலில் இருந்த இரண்டாம் வருஷம் மரம் பட்டுப்போனது. பூக்கத் தொடங்கிய ஜீலுகு சில வருஷத்தில் சாகும், அது அதன் விதி. அக்காள் அதை வெட்டி, உள்ளிருந்த சோற்றை இடித்து மாவாக்கி இரண்டு மாதம் கஞ்சி காய்ச்சினாள். வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் விதையை ஊன்றினாள். எங்கள் தலைவர்கள் செத்தும் சிறைப்பட்டும் முடிந்து, என்னைப் போன்றவர்களைத் தேட ஆளில்லாமல் போனபிறகு நான் காட்டிலிருந்து வந்து சேர்ந்தேன். வேலி கட்டியது மட்டும் நான்.

மாமா வந்தார். நரைத்த தலை, வளையாத ஒரு முழங்கால், அதே வாய். "ஜெயில்ல சோறு நல்லாத்தான் இருந்துச்சு, அங்க யாரும் முறைக்கல" என்றதும் அக்காள் அகப்பையைத் தூக்கினாள். அதற்குள் வீட்டுக் கள்ளுக்கு வரி இல்லை என்று தண்டோரா போட்டிருந்தார்கள். மலையே ஏறி இறக்கிக் குடித்தது. நாம்தான் ஜெயித்தோம் என்று குடித்தவர்கள் பாடினார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை. அந்தமான் போனவர்களின் மரங்களிலும் யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நான் மாமாவின் மரத்தடியில் போய் நிற்க வேண்டியவன். நிற்பதற்கு மரம் இல்லை. ஒரே அடுப்புச் சோறு தின்றோம், ஒரே காட்டில் விதைத்தோம், நாளெல்லாம் கேலி பேசினோம். ஆனால் ஆற்றங்கரையில் நான் சொன்ன அந்த வார்த்தை தீராமல் நடுவிலேயே கிடந்தது. அந்தக் கன்று எப்போது வளரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விதை ஊன்றிய பதின்மூன்றாவது வருஷம் பாளை விட்டது.

"முழங்கால் ஒத்துழைக்காது மாப்ளே. நீயே ஏறு" என்றார்.

நான் நிற்க வேண்டிய நாளில் என்னை ஏறச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஏறிப் பானையை அவிழ்த்து, பாதி இறங்கிக் கீழே பார்த்தேன். மாமா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கையில் தொன்னையோடு மரத்தடியில் நிற்கிறார்.

"என்ன மாமா இது? நிக்க வேண்டியது நானு."

"நீ இந்த வேலிக்கிட்ட இத்தனை வருஷமா நின்னுட்டுதான இருக்கே. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்போ நீ எதுக்கு நிக்குற?"

அவர் தொன்னையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு ஏட்டை விடச் சொன்னேன். அவன் பட்டாளத்தைக் கூட்டியாந்து நாலு பேரைக் காட்டினான். அந்த நாலு பேர் மரத்தடியில போய் நின்னா எனக்கு ஊத்த யார் இருக்கா? நீ அவங்களோட தாணாவுக்குப் போனவன், இது உன் அப்பன் மரத்து விதை. நீ ஊத்து."

பானையை இறக்கினேன். ஊற்றியதில் பாதி தரையில் போயிற்று. அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன். புளிக்காத கள், என்றாலும் இருவரும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

வாசலிலிருந்து அக்காள் கத்தினாள்: "ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சுன்னா எனக்கும் ஒரு தொன்னை கொண்டாங்க! விதை போட்டவ நானு!"