சுமதிக்கு வாசித்த பாடங்கள்

போன வாரம் அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் ஓர் ஆன்லைன் பயிற்சி கொடுத்தார்கள். போனில் வீடியோ பார்க்க வேண்டும், கடைசியில் தேர்வு. பக்கத்து சீட்டுப் பெண் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துத் தேறிவிட்டாள். நான் ஸ்ரீரங்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தும் தோற்றேன். பாடம் நடத்திய பெண்மணியின் சேலை பார்டர் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

மறுநாள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடும் எழுத்துகளை உரக்க வாசித்தேன். ஒரு பத்தி முடிந்ததும் என்னையறியாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். "யாருகிட்ட பேசிட்டிருக்க?" என்று சமையலறையிலிருந்து கணவர் கேட்டார். சுமதி கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். தேர்வில் அப்புறம் தேறிவிட்டேன், அது வேறு விஷயம்.

சுமதி என்னோடு கல்லூரியில் படித்தவள். லால்குடியிலிருந்து திருச்சிக்கு இருவரும் ரயிலில் போவோம். முதலாண்டு முடிவதற்குள் அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. மதுரை வரை போய்க் காட்டியும் பலனில்லை. படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, "நீ வாசி, நான் கேட்டுக்கிறேன். உனக்கும் படிச்ச மாதிரி ஆச்சுல்ல?" என்றாள், ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோல. உபகாரம்தான். அதுவரை நான் எதையும் புரிந்து படித்தவள் இல்லை.

ரயில் பெட்டியெல்லாம் பூ மூட்டைகளின் ஈரச் சாக்கு வாசனை. அந்த வாசனையில் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வருமாக்கும். எனக்கு இன்றும் அங்கே அவளுக்கு வாசித்த காஸ்ட் அக்கவுண்டிங் பாடம்தான்.

சுமதி சும்மா கேட்கிறவள் இல்லை. "நில்லுடி. அது ஏன் அப்படி?" என்பாள். தெரியாது என்பேன். "தெரியாமயா இவ்ளோ நேரம் கத்தின?" எதிர் சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறியதும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நான் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவேன். அவள் முகத்தை ஆற்றுக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்ட 'ஏன்' அப்போதுதான் என் மண்டைக்குள் சுற்றும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வருவதற்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்து காவிரிப் பாலம் இருந்தது.

தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொரு பெண் எழுதினாள். சுமதிக்கு என்னைவிட அதிக மார்க்.

பிறகு சென்னைக்குப் போய், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் பழகினாள். பேங்கில் வேலை வாங்கித் திருச்சிக்கே வந்தாள். நாளடைவில் போனும் அவளுக்கு வாசித்தது. ஒருநாள் அதை என் காதில் வைத்தாள். மூச்சே விடாத ஒரு குரல். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இவ்ளோ வேகத்துல என்னடி புரியும்?"

"எனக்குப் புரியுதே. உன்ன மாதிரி நடுவுல கொட்டாவி விடாது. இனிமே உன் தொண்டைக்கு லீவு."

சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஏனோ அழுகை வந்தது. அவளுக்குத் தேவைப்படாமல் போனது எனக்குத் தேவையாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சுமதி திரும்பவில்லை. காரியத்துக்கு லால்குடி போயிருந்தேன். அவள் தம்பி அவளுடைய போனைக் கொண்டுவந்தான்.

"அக்கா, தொட்டாலே பேசுது. என்ன சொல்லுதுன்னு எங்க யாருக்கும் புரியல. நிறுத்தவும் தெரியல."

வாங்கிக் காதில் வைத்தேன். அதே ஓட்டம். நடுவில் என் பெயர் வந்ததுபோல இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பதற்குள் தம்பி மகள் அதை வாங்கி எதையெதையோ அழுத்தினாள்.

"இப்ப சரியாயிடுச்சு அத்தை," என்று நீட்டினாள்.

தொட்டேன். எல்லோருடைய போனையும் போல அதுவும் பேசாமல் இருந்தது.