பென்டில் ஹில்லில் கூறு கட்டிய கதை

காய்கறிக் கடையில் நிற்பவளுக்குச் சம்பளம் எடை போடுவதற்கு. விலை ஏறியதற்காக வாங்கும் திட்டு இனாம். கல்லாவுக்கு உட்பக்கம் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெளிப்பக்கம் நின்று திட்டியவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு மேற்கே பென்டில் ஹில் ஸ்டேஷனுக்கு எதிரில், சால் என்ற இத்தாலிக்காரரின் கடையில் நான் வேலை பார்த்தேன். மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி, பக்கத்து ஊரான கிரவீனில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். என் வீட்டுக்காரர் கணேசனுக்குக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. விலைவாசி குதிரை மாதிரி ஓடிய காலம் அது. நாங்கள் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

கிலோ வந்த வாரம்

பவுண்டை ஒழித்துக் கிலோவைக் கொண்டுவந்தது அரசாங்கம். அடி வாங்கியது நான். ஆப்பிள் பவுண்டு இருபது சென்ட் என்றிருந்த அட்டையை ஒரு திங்கட்கிழமை காலை எடுத்துவிட்டு, கிலோ நாற்பத்து நாலு என்று எழுதி வைத்தேன். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கணக்கா பார்க்கிறார்கள்? மிஸஸ் ஹிக்கின்ஸ் என்று ஒரு வாடிக்கைக்காரி. கணவர் இல்லை, பென்ஷனில் ஜீவனம், தெருவில் நடக்கும் சகல விஷயத்துக்கும் அவர்தான் வானொலி நிலையம். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். "பயப்படாதீங்க, எங்க நாட்டுல கிலோ வந்து ரொம்ப வருஷமாச்சு, சீக்கிரம் பழகிடும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மிஸஸ் ஹிக்கின்ஸ் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஓஹோ, அப்ப இதைக் கொண்டாந்தது நீங்கதானா!"

பூமணி அன்ரியின் பேரம்

பூமணி அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் கடையில் என்னோடு தமிழ் பேசிய ஒரே வாடிக்கையாளர். தமிழ் பேசக் கிடைத்த சந்தோஷத்தை அவர் பேரம் பேசித்தான் தீர்த்துக்கொள்வார். "பிள்ளை, இந்தக் கத்தரிக்காய் ஆருக்கு வைச்சிருக்கிறீர், மகாராணிக்கோ? விலையைக் குறைச்சுப் போடும்" என்பார். பின்னால் வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் கூரையைப் பார்ப்பார்கள். குறைக்க எனக்கு அதிகாரம் கிடையாது என்றால், "அப்ப மேலால ரெண்டு பச்சை மிளகாயாவது போடும்" என்பார்.

கொசுறு கேட்டால் போடாமல் இருக்க மதுரைக்காரியின் கைக்குத் தெரியாது. ஒரு நாள் நான் போட்டதைச் சால் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தார். குப்பைக்குப் போனால் அன்றைக்கு ஒரு நாள் நஷ்டம், அந்த அம்மாள் பைக்குப் போனால் நாளைக்கும் வந்து கேட்பார் என்று கத்தினார். நாளைக்கும் வரட்டும் என்றுதானே போடுகிறேன் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அன்ரி பையை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார். "என்னத்துக்குப் பிள்ளை இந்த மனுசன் கத்துறார்? இன்னும் ரெண்டு போடச் சொல்லுறாரோ?"

ஜன்னலில் ஒரு பலகை

அந்த வருஷம் குளிர்காலத்தில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கிவிட்டது, இங்கே செய்து கட்டுப்படியாகவில்லை என்றார்கள். என் வீட்டுக்காரரோடு தெருவில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அவர் தினமும் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளின் வேலை விளம்பரப் பக்கத்துக்கு முன்னால் உட்காருவார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாடகைக்கு இனி என் சம்பளம் ஒன்றுதான்.

அந்தச் சம்பளத்துக்கும் ஆபத்து வந்தது. முழுக் காலிஃப்ளவர் வாங்கியவர்கள் பாதி கேட்டார்கள். பாதி வாங்கியவர்கள் எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஒரு காலை நான் போனபோது ஜன்னலில் பலகை தொங்கியது: கடை விற்பனைக்கு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சால் என் முகத்தைப் பார்க்காமல் தக்காளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாராவது வாங்குற வரைக்கும் உனக்கு வேலை உண்டு சரோஜா. வாங்குறவன் உன்னையும் சேர்த்து வாங்குவானான்னு எனக்குத் தெரியாது."

நாலு கீழே, ஒன்று மேலே

அன்று சாயங்காலம் குப்பைக்குப் போன கூடையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. கோணல் கேரட், குட்டித் தக்காளி, தோல் உரிந்த வெங்காயம். ருசியில் ஒரு குறையும் கிடையாது, அழகு மட்டும் போதாது. கையில் காசில்லாத ஜனங்கள் வாசலோடு போகிறார்கள், நாங்கள் உள்ளே நல்ல காயைக் கொட்டுகிறோம். எங்கள் ஊர்ச் சந்தையாக இருந்தால் இதைக் கூறு கட்டியிருப்பார்கள். நாலு கீழே, ஒன்று மேலே, ஒரே விலை. தராசு வேண்டாம், கிலோவா பவுண்டா என்ற சண்டையும் வேண்டாம். கண்ணால் பார், பிடித்தால் எடு.

எப்படியும் விற்கப் போகிற கடைதானே, என்னவோ செய் என்று சால் ஒரு பழைய கதவைக் கொடுத்தார். பெட்டிகள் மேல் அதைப் போட்டு வாசலில் கூறு கட்டினேன். கூறு அம்பது சென்ட். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "பி.காம். படிச்சுட்டு சந்தைக் கிழவி மாதிரி கூறு போட்டு விக்கப் போறியா?" என்றார். "ஏங்க, எந்தச் சந்தைக் கிழவிக்காவது வேலை போயிருக்கா?" என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மறுபடியும் எடுத்து விரித்துக்கொண்டார். முதல் போணி பூமணி அன்ரிதான். கதவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், ஒவ்வொரு கூறையும் குனிந்து பார்த்தார், முகம் வாடிப்போயிற்று. "பேரம் பேச இதில ஒண்டுமில்லையே பிள்ளை. நான் இனி உம்மோட என்னத்தைக் கதைக்கிறது?"

கலைக்காதே!

கூறு வாங்கவும் ஒரு முறை உண்டு என்பதை நான் மறந்துபோனேன். மிஸஸ் ஹிக்கின்ஸ் வந்தார். ஒரு கூறிலிருந்து நல்ல தக்காளி ஒன்று, அடுத்த கூறிலிருந்து நல்ல வெங்காயம் ஒன்று என்று பூப்பறிப்பது போல் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "அம்மா, கூறைக் கலைக்காதே!" என்று பச்சைத் தமிழில் ஒரு அதட்டல் போட்டேன். சால் உள்ளே எதையோ கீழே போட்டார். போச்சு, உள்ள வாடிக்கையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸஸ் ஹிக்கின்ஸுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்தார். மேலே இருந்த தக்காளியைக்கூட மேலேயே வைத்தார். பிறகு மூன்று முழுக் கூறு வாங்கிக்கொண்டார். நான் மேலே ஒரு கொத்து பார்ஸ்லிக் கீரை போட்டேன், சால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அடுத்த வாரம் ஒரு இளைஞன் வந்து கூறில் கைவைத்தபோது நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்ற மிஸஸ் ஹிக்கின்ஸ் அவன் கையை விலக்கினார்: "பொறுக்காதே தம்பி. கூறுன்னா முழுசா ஒரு கூறு. இதுகூடத் தெரியாமலா கடைக்கு வர்றே?"

டை கட்டிய வாடிக்கையாளர்

கோடை வருவதற்குள் சனிக்கிழமை வரிசை ஸ்டேஷன் படி வரைக்கும் போயிற்று. வேலை போனவர்கள் வெட்கப்படாமல் வந்தார்கள். அம்பது சென்ட் கொடுத்தால் எல்லாரும் ஒரே மாதிரிக் கூறுதான் வாங்க முடியும், ஏழைக் கூறு பணக்காரக் கூறு என்று கிடையாது. யாராவது இது என்ன வழக்கம் என்று கேட்டால், "சிசிலி வழக்கம்" என்று சால் தன் ஊரின் பெயரில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வார். நானும் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வரிசையில் ஒரு சனிக்கிழமை டை கட்டிய ஒருவர் நின்றார். எதிர்ச்சாரி சூப்பர் மார்க்கெட்டின் மானேஜர். அடுத்த வாரம் அங்கேயும் கூறு வந்தது, தட்டில் வைத்து மேலே பிளாஸ்டிக் சுற்றி. நான் பயந்துதான் போனேன். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் அடித் தக்காளி வேர்த்து அழுகி, ஒரு மாதத்துக்குள் தட்டுகள் காணாமல் போயின. மானேஜர் நேராக என்னிடமே வந்து, எங்களிடம் வந்துவிடு, இங்கே வாங்குவதைவிட நல்ல சம்பளம் தருகிறோம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மிஸஸ் ஹிக்கின்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்: "இவளைக் கூட்டிட்டுப் போய் இவ மேலயும் பிளாஸ்டிக் சுத்துவீங்களா?"

பலகையின் பின்பக்கம்

யோசித்தேன் என்பது உண்மை. வீட்டில் ஒருவர் இன்னும் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒளித்து வைக்க மனமில்லாமல் மறுநாள் சாலிடமே சொல்லிவிட்டேன். அவர் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. "அவன் தர்ற சம்பளம் என்னால தர முடியாது" என்றார். கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தார். பிறகு, "உன் வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டத் தெரியுமா? மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை தூக்க என் முதுகு இடம் கொடுக்கலை. ஒரு சம்பளம் பெரிசா தர முடியாது. ரெண்டு சம்பளம் தர முடியும்" என்றார். என் வீட்டுக்காரர் ஓட்டியதெல்லாம் மதுரையில் சைக்கிள், கிரவீனில் பழைய கார். "நல்லாத் தெரியும்" என்று நான் ஒரு கணமும் தயங்காமல் சொன்னேன். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே சாலின் பக்கத்தில் உட்கார்ந்து லாரி பழகப் போனார், அதே இஸ்திரிச் சட்டையில்.

அவருக்கு லாரி லைசென்ஸ் கிடைத்த அன்று காலை சால் ஜன்னலுக்குப் போய் விற்பனைப் பலகையைக் கழற்றினார். உடைத்து அடுப்பில் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பெயின்டால் 'கூறு 50 சென்ட்' என்று எழுதி, கடை வாசலுக்கு மேலே ஆணியடித்தார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பூமணி அன்ரி அழுதேவிட்டார். சால் மட்டும் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்ல பலகை. காசு கொடுத்து வாங்கினது. ஒரு பக்கம் மட்டும் எழுதினா நஷ்டம்."

என் பி.காம். பட்டம் இன்னும் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை விலைவாசி ஏறும்போது அதையும் ஏதாவதொரு கூறின் உச்சியில் வைத்து அம்பது சென்டுக்குத் தள்ளிவிடலாம் என்றிருக்கிறேன்.