சோடியம் நின்ற மரம்

நான்காம் படிவத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், வேதியியல் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, எங்கள் டீச்சர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ஈப்போவிலிருந்து எங்கள் ஊர் தாப்பாவுக்குக் காரில் வருகிறவர், அவரும் தமிழர்தான். வகுப்பில் மலாய் மொழியில் பாடம் நடத்துவார், திட்டுவது மட்டும் தமிழில்.

"தனிம அட்டவணையில மூணாவது வரிசையில சோடியம்தான் ஆகச் சின்ன அணுவா? யார் சொன்னா? திங்கக்கெழமை ஆர்ட்ஸ் கிளாசுக்குப் போயிடு லா. ஒனக்கு இது சரிப்படாது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சயன்ஸ் கிளாசை விட்டால் ஆய்வுக்கூட வேலை எனக்குக் கனவுதான். "திங்கக்கெழமை வாயால கேளுங்க டீச்சர். தப்புச் சொன்னா நானே போயிடறேன்" என்றேன். அவர் முறைத்தார். ஆனாலும் சரி என்றார்.

பஸ்ஸில் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் வரிசை முழுக்கச் சரி, மூன்றாவது மட்டும் தலைகீழ். அப்புறம்தான் புரிந்தது, அட மடச்சி!

நான் தனிம அட்டவணையைப் படித்ததே ரப்பர் காட்டில்தான். அம்மாவோடு விடியலில் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்க, போகும்போது, ஒரு நிரையின் கடைசி எட்டு மரங்களுக்கு லித்தியம் முதல் நியான் வரை பேர் வைத்திருந்தேன். நிரை முடிந்ததும் அடுத்த நிரையில் அப்படியே திரும்பி வருவோம், வெட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அதனால் நியானுக்குப் பக்கத்து மரத்தில் சோடியத்தை நிறுத்திவிட்டேன். இடமிருந்து வலம் போனால் அணு சுருங்கும் என்பது தெரியும். என் கணக்கில் சோடியம் வலது கோடியில் நின்றது, சுருக்கிவிட்டேன்.

சனிக்கிழமை நியான் மரத்தை வெட்டியதும் நான் திரும்பவில்லை. அடுத்த நிரையில் ஏழு மரத்தை வெட்டாமலே தாண்டிப்போய், லித்தியத்துக்குப் பக்கத்து மரத்தில் சோடியம் என்று சொல்லிக் கத்தியை வைத்தேன்.

"பைத்தியமா புடிச்சிருக்கு? வெயில் ஏறுனா பால் நின்னுடும்டி!" அம்மா கத்தினார்.

"நிக்கட்டும்மா. எனக்குப் பாடம் நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமையும் அதே நடைதான். அம்மா வைதுகொண்டே என் பங்கையும் சேர்த்து வெட்டினார்.

திங்கட்கிழமை டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார். சோடியம் பெரிசு, குளோரின் சின்னது என்றேன்.

"மனப்பாடமா? ஏன்னு சொல்லு."

"எலக்ட்ரான் கூடுது டீச்சர், ஆனா எல்லாம் அதே சுத்துலதான் சேருது. நடுவுல புரோட்டானும் கூடுறதால இழுப்பு பலமாகுது, அதான் சுருங்குது. அடுத்த வரிசையில புதுச் சுத்து ஆரம்பிக்குது, அதனால மறுபடி பெருசாகுது."

டீச்சர், "போய் ஒன் எடத்துல ஒக்காரு" என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "அப்போ நாளையிலேருந்து நீ காட்டுக்கு வராத. ரெண்டு பேரு பங்கையும் நானே வெட்டிக்கிறேன்" என்றார்.

 வேண்டாம்மா, நானும் வரேன் என்பது வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து, நான்காம் வரிசையைப் பொட்டாசியத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.