பள்ளிக்கூட எல்லைக்குள் ஒரு வீடு

முதலீட்டுக்கு வீடு தேடித் தருகிறவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். ஆனால் என் வேலையில் பாதி, அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை நோண்டுவது. இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடம் தன் எல்லைக்குள் குடியிருக்கிற பிள்ளைகளைத்தான் எடுக்கும்; அதனால் நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வாடகைக்கு வந்த பிள்ளைகுட்டிக்காரர் லேசில் வீட்டைவிட்டு எழும்பமாட்டார்கள். சிட்னியில் வீடு தேடிச் செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வருஷம் என்னைப் படாதபாடு படுத்தியவர், வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க வந்த சிவநேசன். அகதியாய் வந்து அடைபட்டிருந்த வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியேறி, வருஷக்கணக்காய்க் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிச் சேர்த்த காசு. சறுக்கினால் இன்னொரு தரம் சேர்க்க அவருக்கு வயதில்லை. சறுக்க விடுவதில்லை என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன்.

அங்கிள் சொன்ன வீடு

கோயிலில் ஒரு அங்கிள் சொன்னாராம், பேர்போன செலக்டிவ் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் வாங்கு, தமிழ் ஆக்கள் ஆளோடாள் அடிபட்டு வாடகைக்கு வருவினம் என்று. சிவநேசன் வாங்கியே தீருவதென்று வந்து நின்றார். ஐயோ, அங்கே சோதனை எழுதிப் பாஸ் பண்ணினால்தான் இடம். மதிலோடு ஒட்டிக் குடியிருந்தாலும் எடுக்கமாட்டார்கள்.

மூன்று தரம் விளங்கப்படுத்தினேன். அவர் நம்பாமல், என் முன்னால் இருந்தபடியே அங்கிளுக்குப் போன் அடித்தார். அங்கிள் கொஞ்சமும் அசரவில்லை: "எடுக்காட்டி என்ன தம்பி, மணி அடிக்கிற சத்தம் கேட்டாலே பிள்ளையளுக்குப் படிப்பு வரும்."

நடுரோட்டுக் கோடு

அடுத்தது குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீடு. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நிமிஷம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓம், நடந்தே பார்த்தேன், இரண்டு நிமிஷம்தான். விலாசத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால், எல்லைக்கோடு நடுரோட்டால் போகிறது! பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். பள்ளிக்கூட ஆபீசுக்கும் போன் போட்டுக் கேட்டேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள்.

விற்கிற ஏஜென்ட் மதுரைப் பையன். எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாய்க் கொடுத்தேன். அவனுக்கோ வாயெல்லாம் பல்: "அக்கா, ரெண்டு நிமிஷம்னுதானே போட்டேன், சேத்துக்குவாங்கன்னு போட்டேனா?"

மூன்று மணிக் காவல்

கடைசியில் எல்லைக்குள்ளேயே ஒரு வீடு அகப்பட்டது. ஆனாலும் விளம்பரத்தை நம்பி ஏமாற நான் தயாரில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று அறிய, அது விடுகிற நேரத்தில் வாசலில் நின்று பார்க்கவேண்டும். ஐந்து நாள் நின்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். டீச்சர்மாரும் பெற்றோரும் ஆளையாள் பெயர் சொல்லிக் கதைக்கிறார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது.

பிள்ளைகள் வீதி கடக்க வாகனத்தை மறிக்கிற வெள்ளைக்கார அம்மாவுக்கு என்மேல் ஒரு கண். ஐந்தாம் நாள், எந்தப் பிள்ளை உன்னுடையது என்று வந்து கேட்டாள். பிள்ளை இல்லை, வீடு என்று உண்மையைச் சொன்னேன். டீச்சர்மார் இங்கே வந்தால் லேசில் மாறிப் போவதில்லை என்று சொன்னவள், போகும்போது கேட்டாள்: "இந்த வேலைக்கே வந்துவிடேன், என்னைவிட நேரத்துக்கு வருகிறாயே!"

சாவி

சிவநேசன் அந்த வீட்டை வாங்கினார். சாவி கிடைத்த அன்று மனைவியையும் ஒன்பது வயது மகள் துளசியையும் கூட்டிவந்தார். இன்னும் சமைக்காத வெறும் குசினியில் நின்று நான் பெருமையாய் அளந்துகொண்டிருந்தேன்: பள்ளிக்கூடம் இப்படி, டீச்சர்மார் அப்படி, வாடகைக்கு வருகிற சனம் அசையாது. துளசி, அவர்கள் இப்போது இருக்கிற வாடகைப் பிளாட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே அவள் வகுப்புக்கு இந்த வருஷம் நாலாவது டீச்சராம். அதைத் தாய் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்: "அப்பா, அவ்வளவு நல்ல பள்ளிக்கூடமெண்டா, ஏன் வேற ஆக்களின்ர பிள்ளையளுக்கு?" எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. சிவநேசன் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "அக்கா, வாடகைக்கு விளம்பரம் போடவேண்டாம்."

ஊரில் உள்ள எல்லைக்கோடு எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்த்த நான், வீடு வாங்குகிறவருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறதா என்பதை மட்டும் கேட்கவில்லை.