நல்ல கொழுப்பு

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு எங்கள் கம்பெனியில் பேர் 'கொழுப்பு'. வைத்தவன் சூப்பர்வைசர். உறைய வைத்த பட்டாணியைப் பெட்டி பெட்டியாக அடுக்கும் குளிர்க் கிடங்கு எங்களுடையது. ஆள் ஏழு பேர், கம்பளிக் கையுறை ஆறு ஜோடி. நான் புதிதாகச் சேர்ந்த அன்று அவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "ஏன் சார், ஏழாவது ஆளுக்குக் கை இல்லையா?"

கேட்டது எனக்காக. "கொழுப்புடி உனக்கு" என்றான் அவன். கையுறை வரவில்லை, பெயர்தான் வந்தது. அவளுடைய ஜோடியை நானும் அவளும் அரை மணிக்கு ஒருத்தி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். நான்கு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஒரு ஆராய்ச்சிக்குக் குளிரில் வேலை செய்கிறவர்கள் வேண்டுமாம்.

"ஒடம்புல பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கும்மா. குளிர் பட்டா அது எரிஞ்சு சூடு குடுக்கும். அதைத்தான் பாக்கணும்."

"ஊசி போடுவீங்களா?" என்றாள் இவள்.

"ஊசியும் இல்ல, கதிர்வீச்சு மருந்தும் இல்ல. தோலோட சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா, அவ்ளோதான்."

குளிர்ந்த தண்ணீர் ஓடும் சட்டையை மாட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நடுங்கக் கூடாது, நடுங்கினால் தசை சூடாகிப் படம் கெட்டுவிடும். எனக்குப் பத்தே நிமிஷத்தில் பல் தந்தியடித்தது, எழுப்பி விட்டுவிட்டார்கள். இவள் அசையவில்லை. படத்தில் அவள் கழுத்தடியில், காறையெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் தணல் மாதிரி சிவந்திருந்தது.

"உங்களுக்கு நல்ல கொழுப்பும்மா!" என்றார் டாக்டரம்மா.

இவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இத்தனை வருஷமா இதைச் சொல்லித்தான் திட்டுறாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லதுன்னு சொன்னீங்க."

மடியில் வைத்திருந்த கைகளும் படத்தில் இருந்தன. விரல்கள் கருநீலம். "சூடெல்லாம் தோள்லதான், விரலுக்கு வராது. கையைப் பாத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா. நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பைத்தியக்காரி, அந்தப் படத்தைக் கொண்டுவந்து கிடங்கு வாசலில் ஒட்டினாள். சூப்பர்வைசர் நின்று பார்த்தான்.

"அட, உள்ளயே அடுப்பு வெச்சிருக்கியா! அப்புறம் உனக்கெதுக்கு இது?" அவள் கையிலிருந்த கையுறையைப் பிடுங்கி என்னிடம் எறிந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"சார், விளையாடாதீங்க. விரல் மரத்துப் போகும்" என்றாள்.

"டாக்டரே படம் எடுத்துக் குடுத்திருக்காங்க. அது பொய் சொல்லுமா?"

படத்தில் விரல்களைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் நாள் வழக்கம்போல அரை மணியில் கழற்றிக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு, "என்ன, உனக்கும் கொழுப்பா?" என்றான். மறுநாளிலிருந்து கொடுக்கவில்லை. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! ஆனால் கை கதகதப்பாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவள் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் வேலை கேட்டு வந்தாள். வாசலிலேயே சூப்பர்வைசர் கேட்டான்: "என்ன, கொழுப்பு அடங்கிச்சா?"

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என் கைகளைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, கையுறை உங்களுக்கு அளவா இருக்கா?"

அளவாகத்தான் இருந்தது.