வாளித் தோட்டா

ஆர்டிஸ் க்வாம்மேவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுவது வேலை. உயிர் மட்டும் துப்பாக்கித் தோட்டாவில். அதுவும் மலிவுத் தோட்டாவில். மாட்டுத் தீவனக் கடையில் வாளியில் கொட்டி விற்பார்களே, அந்த ரகம். வாராவாரம் எங்கள் சங்கத்துச் சுடுதளத்துக்கு நாலைந்து ரகத்தோடு வந்துவிடுவாள். ரகம் மாற்றும்போதெல்லாம் மண்மேட்டில் கொஞ்சம் வீணாகச் சுட்டு, குண்டில் பூசியிருக்கும் புது மெழுகுக்குக் குழலைப் பழக்குவாள். அப்புறம்தான் குறிக் காகிதம். பைத்தியம் என்று நான் சொன்னதுண்டு. சொல்லிவிட்டு அவள் கொண்டுவந்த பூசணிக் கேக்கைத் தின்றதும் உண்டு.

எதிர்க்கட்சி மெர்ல் சுண்ட்விக். அயல்நாட்டுப் பந்தயத் தோட்டாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். குளிரில் மெழுகு இறுகாமலிருக்கப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருப்பார்.

அறுவடை முடிந்ததும் எங்கள் வடக்கு டகோடா ஊரில் சங்கப் போட்டி. ஆளுக்கு ஐந்து குண்டு. ஜெயித்த காகிதத்தைக் காப்பிக் கெண்டிக்கு மேலே சுவரில் அடித்து, அடியில் தோட்டாவின் பெயரை ஜெயித்தவரே எழுத வேண்டும். அந்தச் சுவரில் வாளித் தோட்டாவின் பெயர் ஏறியதே இல்லை. ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆர்டிஸின் ஆசை.

"இன்னிக்கு உன் கோழித்தீனி எந்தப் பக்கம் பறக்கும்?" என்று ஆர்டிஸைச் சீண்டினார் பக்கத்து மேசையிலிருந்த மெர்ல்.

"நீ மொதல்ல முட்டைய பொரி, அப்புறம் பேசு."

காற்று ஓய்ந்திருந்தது. சுட்டோம். துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் குறிப்பலகைகளை நோக்கி நடந்தோம். ஆர்டிஸின் காகிதத்தில் நாலு துளை, எல்லாம் நடுவை ஒட்டியே. ஐந்தாவதைக் காணவில்லை.

"எங்க போச்சும்மா? கனடாவுக்கா?" என்று சிரித்த மெர்ல், தன் காகிதத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அதில் ஆறு. ஒன்று நட்டநடு மையத்தில்.

மெர்லின் ஈயக் குண்டு துளையைச் சுற்றிக் கறுப்பாகப் பூசும். செம்பு முலாம் போட்ட வாளிக் குண்டு சுத்தமாகத் துளைக்கும். மையத் துளை பளிச்சென்று இருந்தது. பாவி மகள், ஒரு குண்டுக்கு மட்டும் பக்கத்துப் பலகையைக் குறிபார்த்திருக்கிறாள். அவள் முகம் தொங்கிவிட்டது. எனக்கே நெஞ்சு வலித்தது. நாலு துளைக்காரருக்குப் போட்டியில் இடமில்லை.

ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: வழிதவறி வந்த துளை காகிதக்காரருக்கே சொந்தம். ஆறில் சிறந்த ஐந்தை அவர் எடுத்துக்கொள்ளலாம். மெர்லின் சொந்தக் குண்டுகளில் ஒன்று ஓரத்துக்கு ஓடியிருந்தது. மையத்தை எடுத்தால் ஜெயிப்பது அவர். ஒதுக்கினால், சத்தியமாக, நான். அந்தச் சுவரை நானும் எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெர்ல் தாடையைச் சொறிந்தார். தோற்கத் தெரியாத மனிதர். "எடுத்துக்கறேன்" என்றார்.

காகிதம் சுவரில் ஏறியது. தன் தோட்டாவின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். வயிற்றெரிச்சலில் நான் வாயைத் திறந்தேன்: "நாலுதானே உன்னுது? நடுவுல இருக்கறதோட பேர யாரு எழுதுவா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். காது சிவக்க, மறுபடி பேனாவைத் திறந்து எழுதினார்: 'மையம் – வாளித் தோட்டா.'

ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வந்து மெர்லின் வழுக்கையில் ஒரு முத்தம் வைத்தாள்.

"தோத்தது நீ. ஞாபகம் இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு, இருக்கு. எழுத்து பொடிசா இருக்கு மெர்ல். அத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதிடேன்."