அண்ணன் முகவாய்க்கு அளவெடுத்த தலை

எங்கள் சின்னவன் செய்த மிருகத் தலை வாயைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். எங்கள் ஜன்னல் திரை ஆடியது, அதுவும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தபோது. ஆனால் வாய் திறந்தது சத்தியமான உண்மை.

சின்னவன் என் தங்கையின் இரண்டாவது மகன். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல் செட் செய்கிறவன். ஊரில் பாதிப் பேர் அவன் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. ஜன்னல் இல்லாத அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்று கிடந்தவனுக்கு ஒரு வழி தெரிந்தது. நாடகக் கம்பெனி ஒன்று போட்டி வைத்தது. கண்ணும் வாயும் அசைகிற தலைக்கவசம் ஒன்றை வீட்டிலேயே செய்து, அதை மாட்டிக்கொண்டு மேடையில் பேசிக்காட்ட வேண்டும். ஜெயித்த தலையைச் செய்தவருக்குக் கம்பெனிப் பட்டறையில் வேலை.

சின்னவனுக்கு நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாட்டிக்கொள்ள அவன் அண்ணன் வந்தான். பெரியவனுக்கு வீட்டுத் தரகு வேலை. ஒற்றை அறையைக் காட்டிக்கொண்டே அதை மாடி வீடு என்று நம்பவைக்கிற மாதிரி பேசுவான். அந்தச் சமயம் தரகு படுத்துக் கிடந்தது.

சமையலறை மேசையில் வேலை நடந்தது. ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டி மண்டை, அதற்குள் சைக்கிள் பிரேக் கம்பி, பழைய பேனாக்களின் ஸ்பிரிங். உள்ளே முகவாயைத் தாங்க ஒரு கிண்ணம். மாட்டியிருப்பவன் முகவாயை விரலளவு இறக்கினால் மிருகத்தின் தாடை ஒரு சாண் இறங்கும்; அதே கம்பி இமைகளை மேலே இழுக்கும். வாயை மூடினால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இங்கேதான் அவன் தொழில் அவனைக் கவிழ்த்தது. பல் செட்டைப் பொதுவாகச் செய்ய முடியாது. யார் வாயோ அந்த வாய்க்குத்தான் அச்சு. அந்தப் பழக்கத்தில் அண்ணனின் முகவாயில் மாவைப் பூசி, அச்செடுத்து, மயிரிழை பிசகாமல் கிண்ணத்தை வார்த்தான்.

"கொஞ்சம் தளர்வா வைங்களேன். நாளைக்கு நீங்களும் போட்டுப் பாக்கலாம்" என்றாள் அவன் மனைவி.

"தளர்வா இருந்தா பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும்."

"உங்க அண்ணனுக்கு அது பழக்கந்தானே."

போட்டியன்று பெரியவன் மேடையில் ஒரு முழக்கு முழக்கினான். ஒரு எழுத்துக்கூட விடாமல் மிருகத்தின் தாடையும் சேர்ந்து பேசியது. கூட்டம் எழுந்து நின்றது. கம்பெனி மேலாளர் அம்மாள் ஒலிபெருக்கியில் கேட்டார்: "இத செஞ்சது யாருங்க?"

தாடை இறங்கியது. இமைகள் அழகாக விரிந்தன.

"நான்தாங்க. எல்லாம் என் கைவேலை."

சின்னவன் கீழே நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள். "இவர் செஞ்சதுங்க. அவர் சும்மா மாட்டிக்க வந்தவரு."

"அப்படின்னா இவரே போட்டுக் காட்டட்டும்" என்றார் மேலாளர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போட்டான். அவன் முகவாய் அண்ணனுடையதைவிட ஒடுக்கம்; கிண்ணத்தில் பட்டும் படாமலும் நின்றது. வாயைத் திறந்தான். மிருகம் திறக்கவில்லை. ஒற்றை இமை மட்டும் துடித்தது. அச்சு, அளவு என்று உள்ளே அவன் ஏதோ சொல்லப்பார்த்தது வெறும் முனகலாக வந்தது. முன்வரிசை சிரித்தது.

"சொந்தமா செஞ்சது சொந்தத் தலைக்குச் சேராதா தம்பி?" என்றார் மேலாளர்.

பெரியவன் பதமாகத் தலையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான். "தம்பிக்கு ஒரு ஆசைங்க மேடம். பாவம், கூடமாட ஒத்தாசை பண்ணினான்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கும் தாடை பிசகாமல் அசைந்தது. வேலை பெரியவனுக்குப் போனது.

அப்போது சின்னவன் நெஞ்சை நிமிர்த்தி, மண்டபமே அதிர, "இனிமே உனக்குத் தம்பி கிடையாது" என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கினான்.

"கதை விடாதீங்க பெரியம்மா" என்கிறாள், நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் அவன் மனைவி. "அவர் எங்க அதெல்லாம் சொன்னாரு? அண்ணன் காதுகிட்டப் போயி, 'இடது பக்கத் திருகு சீக்கிரம் தளந்துடும், அப்பப்ப இறுக்கிக்க'ன்னாரு. அவ்வளவுதான்."